வாசற்படியில் பிறந்த விதிகள்

நேரடி விற்பனையாளர்கள் முகநூலில் எதை எழுதலாம், யாருக்குச் செய்தி அனுப்பலாம் என்று நிறுவனங்கள் போடும் கட்டுப்பாடுகள் புதியவை அல்ல. அமெரிக்க வாசற்படிகளில் பிறந்தவை. 1931இல் வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் என்ற சிற்றூர், அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பதைத் தடை செய்தது. பல ஊர்கள் பின்தொடர்ந்தன. லூசியானாவின் அலெக்சாண்ட்ரியா நகரம் போட்ட இத்தகைய தடை செல்லும் என்று 1951இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. அறியாதவரின் உள்பெட்டியில் விலைப்பட்டியலைத் திணிக்காதே என்ற இன்றைய விதி அந்தத் தடையின் பேரப்பிள்ளை.

சொந்தமாகத் தொழில் செய்பவரின் வாயை நிறுவனம் ஏன் கட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். 1979இல் ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், அது பிரமிடு மோசடி அல்ல என்று தீர்ப்பளித்தது. விற்காத சரக்கைத் திரும்பப் பெறுவது போன்ற விதிகள் அந்நிறுவனத்துக்குக் கை கொடுத்தன. ஆனால் விற்பனையாளர்களுக்குக் கிடைக்கும் வருமானத்தை ஊதிப் பெருக்கிச் சொன்னதை ஆணையம் மன்னிக்கவில்லை. அன்று முதல் எழுதிவைத்த விதியே நிறுவனங்களின் கேடயம். வாங்குபவருக்குக் கிடைத்த பாதுகாப்பு உபரி லாபம் என்றே நினைக்கிறேன். இந்தியாவிலும் 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், விற்பனையாளர் வழி எழும் குறைகளுக்கு நிறுவனத்தையே பொறுப்பாக்குகின்றன; அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது என்றும் சொல்கின்றன.