ஜவ்வரிசியின் வயது

மரபுணவு என்ற சொல்லை நாம் சற்று எளிதாகவே பயன்படுத்திவிடுகிறோம். நேப்பிள்ஸ் நகரத்தின் தொன்மையான உணவு எது என்று கேட்டால், பலரும் தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவையே சொல்வார்கள். தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸுக்குப் பிறகே அது மத்தியதரைக் கடற்கரையை அடைந்தது. நேப்பிள்ஸில் வெளியான சமையல் நூலொன்றில் தக்காளிச் சாற்றின் செய்முறை அச்சேறியது 1692-இல். அது பாஸ்தாவோடு சேர மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சின்னசேலம் வட்டாரத்து ஜவ்வரிசிக்கும் இப்படியொரு கதை உண்டு. அதன் வயது இன்னும் குறைவு.

ஜவ்வரிசி முதலில் மலாய்த் தீவுகளின் பொருள். அங்குள்ள ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்த மாவை உருட்டிக் காயவைத்தது அது. நம் நாட்டுப் பாயசத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியதும் அதுதான். மரவள்ளிக் கிழங்கின் வழி வேறு. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர்களால் இங்கு வந்த அக்கிழங்கை, திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஏழைகளின் உணவாகப் பரப்பினார். குச்சியை வெட்டி நட்டால் முளைக்கும் என்பதால் சேலத்துப் பக்கம் அதற்குக் குச்சிக்கிழங்கு என்றே பெயர்.

இவ்விரண்டு பாதைகளையும் இணைத்தது இரண்டாம் உலகப்போர். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் ஜவ்வரிசி வரத்து நின்றது. கேரளத்தோடு வணிகத் தொடர்பு வைத்திருந்த சேலத்து மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவும் 1943-இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஒரு சிக்கல். பஞ்ச காலத்தில் பசியாற்றும் கிழங்கை ஆலைக்கு அனுப்பலாகாது என்று சேலம் மாவட்ட ஆட்சியர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து, முறையிட்டு, அத்தடையை நீக்கச் செய்தார்கள். கிழங்கு யாருக்கு, வயிற்றுக்கா சந்தைக்கா என்ற கேள்வி இத்தொழிலின் இரண்டாம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

சேகோ ஆலையின் வேலைமுறை எளிமையானது. கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, வடிகட்டுகிறார்கள். பால் தொட்டியில் நின்று மாவு அடியில் படிகிறது. எஞ்சும் சக்கையான திப்பி மாட்டுத் தீவனமாகிறது. படிந்த மாவை உடைத்து, குலுக்கிக் குருணையாக்கி, சலித்து, எண்ணெய் தடவிய தட்டில் வறுத்து, களத்து வெயிலில் காயவைக்கிறார்கள். வெயிலும் களமும் மலிவாகக் கிடைத்த வறண்ட நிலம் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. சேலத்திலிருந்து நாமக்கல், தருமபுரி, ஆத்தூர், சின்னசேலம் என்று மரவள்ளி பரவியது. 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. இவ்வளவு ஜவ்வரிசியையும் நாம் பாயசத்திலும் வடாமிலும் தீர்த்துவிட முடியாது. பெரும்பகுதி மகாராஷ்டிரத்துக்கும் வட மாநிலங்களுக்கும் போகிறது. அங்கே விரத நாளில் தானியம் விலக்கு, ஜவ்வரிசிக்கு விலக்கில்லை. பிரேசில் நாட்டுக் கிழங்கு, தென்னாட்டு வெயிலில் காய்ந்து, வடக்கே நோன்பு உணவாகிவிட்டது.

சின்னசேலத்துக்கு வடமேற்கே கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் உணவு சாமையும் தினையும் கேழ்வரகும். மரவள்ளி அம்மலையிலும் ஏறிவிட்டது. இதே மக்கள் வாழும் கொல்லிமலையில் இந்த மாற்றத்தை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. கிழங்கு கைக்குப் பணம் தந்தது, சாமை தரவில்லை. சாமையை உமி நீக்க உரலில் மணிக்கணக்காக இடிக்க வேண்டியவர்கள் பெண்கள். அந்த உலக்கையைக் கீழே வைத்ததில் அவர்களுக்கு இழப்புணர்ச்சி இருந்திருக்க வேண்டியதில்லை. நகரத்தில் அமர்ந்து சிறுதானியப் பெருமை பேசுவோர் இதை மறந்துவிடக் கூடாது. அந்நிறுவனம் விதையோடு உமி நீக்கும் இயந்திரத்தையும் மலைக்குக் கொண்டுபோனது இதனால்தான்.

ஆனால் மாற்றத்தின் மறுபக்கமும் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஜவ்வரிசி ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து. அதே அளவில் புரதம் ஒரு கிராம்கூட இல்லை. சாமை விளைந்தால் விலை வீழ்ந்தாலும் வீட்டில் கஞ்சி காய்ச்சலாம். ஆலைக்கென்று பயிரிட்ட கிழங்கு விலை வீழ்ந்தால் கடனாகிறது.

2023-ஆம் ஆண்டு இரண்டு சிறப்புகள் ஒன்றாக நேர்ந்தன. ஐக்கிய நாடுகள் அவை அதைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அதே ஆண்டில்தான் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்பது வயதுப் பொருளுக்கு ஊர்ப்பெயர் சட்டப்படி உரிமையாயிற்று. அதில் தவறில்லை, உழைப்பால் ஈட்டிய பெயர் அது. மலைச் சாமைக்கு அதைக் காட்டிலும் நெடிய வரலாறு உண்டு. அதை விளைவிப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காதவரை, அந்த வரலாறு நம் கட்டுரைகளில் மட்டுமே விளையும்.