ஊர்ப்பெயரில்லா அணி

எருத்தேன்பதியில் கிரிக்கெட் பேச்செழுந்தால் உடன் ஒரு தயக்கமும் எழும். நிலத்தால் நாம் கேரளத்தார், மொழியால் தமிழர். எவ்வணியை நம் அணி என்பது? இரயில்வே குமாஸ்தாவாகிய அடியேனுக்கு அத்தயக்கம் இல்லை. ஊர்ப்பெயரே இல்லாத அணியொன்று எங்கட்கு உண்டு. அதன் வரலாற்றைச் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டுச் சிறிது கூற விழைகின்றேன்.

1934-இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் பெரும்பாலும் மாகாணங்களும் சமஸ்தானங்களுமே மோதின. முப்படையினரின் சர்வீசஸ் அணி 1949-50-இல் வந்தது; இரயில்வே அணி 1958-59-இல் புகுந்தது. லாலா அமர்நாத் தம் ஆட்டக்காலத்தின் இறுதியில் இவ்வணிக்கு ஆடினார். புதி குந்தரனின் கதை இன்னும் விந்தையானது. ரஞ்சி ஆட்டம் ஒன்றேனும் ஆடாமலே 1960-இல் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர் அவர்; பின்னர் இரயில்வேக்கு ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 205 ஓட்டங்கள் குவித்தார்!

கோப்பையோ எளிதிற் கிட்டவில்லை. 2000-01 இறுதியாட்டத்தில் பரோடாவிடம் தோல்வி. மறு ஆண்டே தில்லி கர்னைல் சிங் மைதானத்தில் அதே பரோடாவை வென்று முதன்முறை கோப்பை கொண்டனர். 2004-05-இல் பஞ்சாபை வென்றனர். சென்னையிற் பிறந்த சுழற்பந்து வீரர் முரளி கார்த்திக் அக்காலத்து அணியினர். மகளிர் அணியின் பெருமை தனிக் கட்டுரைக்குரியது. தமிழ்ப் பெற்றோரின் மகளாகிய மிதாலி ராஜ் அதன் வீராங்கனையாய் விளங்கினார்.

ஆட்டக்காரர் பந்தயத்துக்குச் சென்றால் அவர் மேசைக் கோப்புகள் அடுத்திருப்பவன் தலையில் விழும். அடியேனும் சுமந்ததுண்டு, முணுமுணுத்ததும் உண்டு. ஆயினும், ஏழை வீட்டு இளைஞனுக்கு மாதச் சம்பளம் தந்து ஆடவும் விட்ட துறை இது என்று நினைக்குங்கால் முணுமுணுப்பு அடங்கிவிடும். 2008-இல் ஐ.பி.எல். வந்தபின் பெரும்பணம் வேறிடம் சென்றது. 2004-05-க்குப் பின் இரயில்வே ஆடவர்க்கு ரஞ்சிக் கோப்பை கிட்டவில்லை.

2025 சனவரியில் தில்லிக்காக ஆடிய விராட் கோலியை 6 ஓட்டங்களில் வீழ்த்தியவர் இரயில்வேயின் ஹிமான்ஷு சங்வான், பயணச்சீட்டுப் பரிசோதகர். ஆட்டத்தில் வென்றது தில்லிதான். அன்று என் மருமகன் முறைச் சிறுவன், “மாமா, அவர் எந்த மாநிலத்து அணி?” என்றான். “இரயில்வே” என்றேன். “அது எங்கே இருக்கிறது?” என்றான்.