சைரன்களின் பாறைகள்

இத்தாலியின் தென்மேற்குக் கரையில், செங்குத்தான மலைச்சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக நிற்கும் உல்லாச நகரம் பொசிட்டானோ. அதன் கரையிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மூன்று சுண்ணாம்புக்கல் பாறைத் தீவுகள் கடலுக்கு மேலே தலைநீட்டுகின்றன. பெரியது காலோ லுங்கோ. மற்றவை லா கஸ்தெல்லூச்சா, லா ரொத்தோந்தா. மூன்றுக்கும் பொதுப் பெயர் லி காலி. பழைய பெயர் சிரெனூசே, அதாவது சைரன்களின் தீவுகள்.

சைரன்கள் கிரேக்கப் புராணத்தின் பாடகிகள். அவர்கள் குரலைக் கேட்ட மாலுமி வீடு திரும்பியதில்லை. ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒடிஸியஸ் தோழர்களின் காதுகளை மெழுகால் அடைத்துவிட்டுத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். பாட்டையும் கேட்கிறான், உயிரும் தப்புகிறான். இதில் கவனிக்க வேண்டியது, ஹோமர் அவர்களின் உருவத்தை வர்ணிக்கவே இல்லை என்பது. பெண் முகமும் பறவை உடலும் கிரேக்க ஓவியர்கள் கொடுத்தவை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாடி ஒன்றில் ஒடிஸியஸ் பாய்மரத்தில் கட்டுண்டு நிற்க, ஒரு சைரன் பாறையிலிருந்து தலைகீழாக விழுகிறாள். தங்கள் பாட்டுக்கு ஒருவன் தப்பினால் அவர்கள் மாள வேண்டும் என்பது பிற்காலக் கதை.

அந்த மரணத்தைத் தென் இத்தாலி மக்கள் தங்கள் ஊர்க்கதையாகவே ஆக்கிக்கொண்டார்கள். பார்த்தெனோப்பே என்ற சைரனின் உடல் நேப்பிள்ஸ் கரையில் ஒதுங்கியதாக நம்பினார்கள். அங்கே அவளுக்கு நினைவிடமும், அவள் பெயரால் விளையாட்டுப் போட்டிகளும் இருந்தன. இன்னொரு சைரனான லியூக்கோசியாவின் பெயர் தெற்கே ஒரு கடல்முனைக்கு நிலைத்தது. மூன்றாமவள் லிஜியா.

ஹோமர் சைரன்களின் தீவு எங்கே என்று சொல்லவில்லை. அதை இந்தக் கடலில் அடையாளம் காட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதிய புவியியலாளர் ஸ்டிராபோ, இங்குள்ள ஆளில்லாப் பாறைத் தீவுகள் சைரன்களின் பெயரால் அழைக்கப்படுவதையும், அருகே சொரெண்டோ பக்கத்தில் அவர்களுக்கு ஒரு கோயில் இருந்ததையும் குறிப்பிடுகிறார். காணிக்கைகள் குவிந்த கோயில் அது. மாலுமிகள் அஞ்சிய சைரன்களை வழிபட்டும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இடைக்காலத்தில் இந்தப் பாறைகள் கண்டது புராணத்தைவிடக் கொடியது. அப்போது இந்தக் கரை அமல்ஃபி அரசின் கையில் இருந்தது. 1038இல் அதன் ஆட்சியாளர் இரண்டாம் மன்சோவைப் பதவியிலிருந்து இறக்கிய சொந்தச் சகோதரன் ஜான், அவர் கண்களைக் குருடாக்கி இந்தத் தீவுகளுக்கு நாடு கடத்தினான். மன்சோ அங்கேயே முடிந்துவிடவில்லை. மறு ஆண்டே அமல்ஃபியைச் சாலெர்னோ இளவரசர் நான்காம் குவைமார் கைப்பற்றினார். 1043இல் பார்வையற்ற மன்சோ அவருடைய ஆதரவில் மறுபடியும் ஆட்சியில் அமர்ந்தார். பிறகு கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் காலோ லுங்கோவில் காவற்கோபுரம் எழுந்தது. கொள்ளையர் பயம் நீங்கியதும் கோபுரம் பாழானது.

அந்தப் பாழிடத்தின் மீது ஆசைப்பட்டவர் ரஷ்ய நடனக் கலைஞர் லியோனிட் மாசின். தியாகிலெவின் பாலே குழுவுக்காக ஓவியர் பிக்காசோ, இசையமைப்பாளர் எரிக் சாட்டி ஆகியோருடன் ‘பராட்’ என்னும் நாட்டிய நாடகத்தை உருவாக்கியவர் இவர். பொசிட்டானோவில் தங்கியிருந்தபோது தீவுகளைக் கண்டு, 1920களில் விலைக்கு வாங்கினார். முயல் மட்டுமே பிழைக்கக்கூடிய பாறையை இந்த ரஷ்யர் வாங்கிவிட்டாரே என்று ஊரார் வியந்தார்கள். மாசின் அசரவில்லை. பழைய கோபுரத்தைச் சீரமைத்தார், வீடு கட்டினார், திராட்சை நட்டார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் கோபுரம் இன்று கற்குவியலாகவே கிடந்திருக்கும்.

1979இல் மாசின் மறைந்தார். அடுத்த பத்தாண்டின் இறுதியில் தீவுகள் இன்னொரு பாலே மேதையான ருடால்ஃப் நூரியேவின் கைக்கு வந்தன. அவர் வீட்டின் சுவர்களில் ஸ்பெயினின் செவில் நகரத்து ஓடுகளைப் பதித்தார். ஆனால் அங்கே வாழ அவருக்கு அதிக காலம் கிடைக்கவில்லை, 1993இல் இறந்தார். அதன்பின் தீவுகள் சொரெண்டோவைச் சேர்ந்த ஒரு ஹோட்டல் அதிபருக்கு விற்கப்பட்டன. இன்றும் அவை தனியார் சொத்து. பொசிட்டானோவில் படகு பிடிப்பவர்கள் பாறைகளைச் சுற்றிவந்து பார்க்கலாம்; கரையேற உரிமையாளரின் அனுமதி வேண்டும்.