மாங்கனைட்டு மென்படலங்களின் காந்தப் பண்பு

மாங்கனைட்டு என்பது லாந்தனம் போன்ற அருமண் தனிமமும் மாங்கனீசும் ஆக்சிஜனும் சேர்ந்த பெரோவ்ஸ்கைட் வகை ஆக்சைடு. தூய லாந்தனம் மாங்கனைட்டு, குறைந்த வெப்பநிலையில் எதிர்ஃபெர்ரோ காந்தத்தன்மை கொண்ட மின்கடத்தாப் பொருள். லாந்தனத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கால்சியத்தையோ ஸ்ட்ரான்சியத்தையோ சேர்த்தால், மூன்று, நான்கு இணைதிற மாங்கனீசு அயனிகள் கலந்து அமைகின்றன. அவற்றுக்கிடையே ஆக்சிஜன் வழியாக எலக்ட்ரான் தாவுவதற்கு அயனிகளின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒரே திசையில் இருப்பது உகந்தது. இதனால் ஃபெர்ரோ காந்தமும் மின்கடத்தலும் சேர்ந்தே தோன்றுகின்றன. இரட்டைப் பரிமாற்றம் எனப்படும் இவ்விளக்கத்தை 1951இல் கிளாரன்ஸ் சீனர் அளித்தார்.

மாங்கனைட்டு மென்படலங்கள் பெரும்பாலும் துடிப்பு லேசர் படிவு முறையில் வளர்க்கப்படுகின்றன. லேசர் துடிப்பு ஆக்சைடு வில்லையை ஆவியாக்க, அந்த ஆவி சூடான படிகத் தளத்தில் படிகிறது. ஆக்சைடு படலங்களுக்கு இம்முறையை 1987இல் நிலைநாட்டியதில் இந்திய இயற்பியலாளர் டி. வெங்கடேசனுக்கு முக்கியப் பங்கு உண்டு. பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் குழுவினர் மாங்கனைட்டுகளின் மின்னூட்ட ஒழுங்கமைவை, அதாவது இரு வகை மாங்கனீசு அயனிகள் ஒழுங்கான வரிசையில் அமைவதை, விரிவாக ஆராய்ந்தனர்.

1994இல் லாந்தனம்-கால்சியம் மாங்கனைட்டுப் படலத்தில், 77 கெல்வின் அருகே 6 டெஸ்லா காந்தப்புலம் மின்தடையை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைத்தது. இது பெருங்காந்தமின்தடை எனப்படுகிறது.

அடித்தளப் படிகமும் காந்தத்தை மாற்றும். ஸ்ட்ரான்சியம் சேர்ந்த படலம் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் மேல் இழுபட்டு, படலத்தளத்திலேயே எளிதில் காந்தமாகிறது. லாந்தனம் அலுமினேட்டின் மேல் அமுக்கப்பட்டால் படலத்தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தமாகும் இயல்பைப் பெறுகிறது. தடிமன் சில நானோமீட்டருக்குக் குறைந்தால் ஃபெர்ரோ காந்தமும் கடத்தலும் நலிகின்றன.