சபர் சென்ற மண்ணில் ஒரு பின்வாசல்



தென்காசி, கடையநல்லூர், குற்றாலம் வட்டாரத்தில் வாழும் நமக்கு மலாயாவும் சிங்கப்பூரும் அந்நிய நாடுகளாகத் தோன்றுவதில்லை. நம் முன்னோர் பலர் சபராளிகளாகச் சென்று பினாங்கிலும், சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலும் உழைத்தவர்கள். ஆயினும் அந்த மண் ஜப்பானியர் கையில் இருந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருப்பது மிகக் குறைவு.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. மூன்றே நாட்களில் பினாங்கின்மீது குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊருக்கு வரும் கடிதமும் பணமும் நின்றன. சயாம்–பர்மா இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் பசியாலும் காலராவாலும் மாண்டனர்.

இக்கொடுமையை எதிர்த்துக் காடுகளில் திரண்டதே மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. கம்யூனிஸ்டுகள் தலைமையேற்ற அப்படையில் பெரும்பாலோர் சீனர்கள். காட்டோரத்துக் குடிமக்கள் இரகசியமாக அளித்த அரிசியும் மருந்தும் செய்தியுமே அதைத் தாங்கி நின்றன.

அத்தகைய குடிமக்களில் ஒருவர் சிபில் கார்த்திகேசு. தாதியும் மருத்துவச்சியுமான அவர் கத்தோலிக்கர். இலங்கைத் தமிழ் வழிவந்த மருத்துவர் ஒருவரின் மனைவி. ஈப்போவை விட்டுப் பப்பான் என்னும் சிற்றூரில் குடியேறிய அவரது வீட்டின் பின்வாசலுக்கு, இரவு நேரத்தில் காயம்பட்ட கெரில்லாக்கள் வந்தனர். அவர் எவரையும் திருப்பி அனுப்பவில்லை. தடை செய்யப்பட்ட வானொலியை வீட்டில் மறைத்து வைத்துப் போர்ச் செய்திகளையும் கேட்டறிந்தார்.

1943இல் கெம்பெய்தாய் எனும் இராணுவப் போலீசார் அவரைக் கைது செய்து கொடுமையாக வதைத்தனர். அவருடைய சின்னஞ்சிறு மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி எரிப்பதாக மிரட்டினர். அப்போதும் அவர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. வதையின் காயங்கள் ஆறாமலே 1948இல் அவர் மறைந்தார்.

வரலாற்றை ஒரு கண்ணால் மட்டும் பார்த்தல் தகாது. அதே மலாயாவில் நம்மவர் பலர், தாய்நாட்டு விடுதலைக்கு வழி ஜப்பானியர் துணையே என நம்பி நேதாஜியின் படையில் சேர்ந்தனர். அன்று நம் அண்டையூரான செங்கோட்டையும் அடங்கியிருந்த திருவிதாங்கூரைச் சேர்ந்தவர் வக்கம் அப்துல் காதர். பினாங்கில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு வந்து பிடிபட்ட அவரை, 1943 செப்டம்பர் 10 அன்று சென்னையில் ஆங்கிலேயர் தூக்கிலிட்டனர். காட்டுப் படையினரும் குற்றமற்றவர்கள் அல்லர். ஜப்பான் சரணடைந்ததும், துரோகிகள் எனக் கருதியோரை முறையான விசாரணையின்றித் தண்டித்தனர்.

எனில் எதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது? அணிகள் வேறாகலாம், அடைக்கலம் தேடி வந்த உயிரைக் காப்பதும், ஒப்படைக்கப்பட்ட இரகசியத்தை அமானிதமாகப் பேணுவதும் எந்நாளும் அறமே. ஓர் உயிரைக் காப்பதன் மேன்மையை அல்மாயிதா அத்தியாயத்தில் ஓதும் நாம், அதைச் செய்து காட்டியவர் எச்சமயத்தவராயினும் மதித்தல் கடமை.

உங்கள் இல்லத்தில் சபர் சென்று திரும்பியோரின் நினைவுகள் எஞ்சியிருப்பின், இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அறிந்தோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அநீதிக்கு அஞ்சாத உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.