மின்தூக்கி தளத்தோடு சமமாக நின்ற வரலாறு



தலைநகரில் வாழும் நாம் நாள்தோறும் மின்தூக்கியில் ஏறி இறங்குகிறோம். கதவு திறந்தவுடன் கால் தானாக வெளியே செல்கிறது. மின்தூக்கியின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை உருவான கதையை மாணவர்க்கு எடுத்துரைக்கலாமே என்றெண்ணித் தொகுத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

1857ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், நியூயார்க்கின் ஹாவௌட் என்னும் ஐந்து மாடிக் கடையில் எலிஷா ஓட்டிஸ் அமைத்த பயணியர் தூக்கி இயங்கத் தொடங்கிற்று. அது நீராவியால் இயங்கியதால் அதனை மின்தூக்கி என்று அழைக்க இயலாது. மின்சாரத்தால் இயங்குவதை 1880இல் செருமனியின் மான்ஹைம் நகரில் வெர்னர் சீமென்ஸ் காட்டினார். கயிறு அறுந்தால் பெட்டி விழாமல் காக்கும் வழியை ஓட்டிஸ் ஏற்கெனவே கண்டிருந்தார். ஆயினும் தளத்தோடு சமமாக நிறுத்துவது நெடுங்காலம் இயக்குநரின் கைப்பழக்கத்தையே நம்பியிருந்தது. அவர் நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்து நிறுத்துவார். பயணியரோ கீழே பார்த்துக் கால் வைப்பார்கள். 1915ஆம் ஆண்டளவில் ஓட்டிஸ் நிறுவனம் தானாகவே மட்டம் பார்த்து நிற்கும் அமைப்பைக் கொண்டுவந்தது.

மட்டம் வந்துவிட்டதென்று இயந்திரம் எவ்வாறு அறியும்? முதலில் உருளையில் மோதும் சுவிட்சுகள் இருந்தன. பின்னர் காந்தச் சுவிட்சுகள் வந்தன. அதன்பின் ஒளி வந்தது. செலினியத்தின் மீது ஒளி பட்டால் அதன் மின்தடை மாறுகிறது என்று 1873இல் வில்லோபி சுமித் அறிவித்தார். அதே செலினியத்தைக் கொண்டு ஒளியளக்கும் கருவி செய்தவர்களுள் மேற்சொன்ன சீமென்சும் ஒருவர் என்பது எனக்கு வியப்பளித்தது. 1960களில் அகச்சிவப்பு ஒளி உமிழும் சிறு டையோடுகள் பிறந்தபின் இக்கருவி கையடக்கமாயிற்று.

பெட்டியின் மேல் லாட வடிவில் ஓர் ஒளியுணரி இருக்கும். அதன் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒளிக்கதிர் செல்லும். ஒவ்வொரு மாடியிலும் ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். தகடு இடையில் புகுந்து கதிரை மறைத்தால் தளம் வந்துவிட்டது என்று பொருள். மேலும் கீழுமாக இரண்டு உணரிகள் வைத்தால், பெட்டி எப்பக்கம் விலகியது என்பதும் தெரியும். இஃது ஏன் வேண்டும்? உருக்குக் கயிறு நீளக்கூடியது. ஆட்கள் ஏற ஏறப் பெட்டி சற்றே தாழும். இறங்க இறங்க உயரும். நின்றபின்னும் மட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பிய விதியான இ.என். 81-20, நிற்கும்போது 10 மில்லிமீட்டருக்குள்ளும், ஆளேறும்போது 20 மில்லிமீட்டருக்குள்ளும் வேறுபாடு இருக்கலாம் என்கிறது.

நம் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை எண்ணிப் பாருங்கள். 452 மீட்டர் உயரம், 88 மாடிகள். ஒவ்வொரு கோபுரத்திலும் 29 ஈரடுக்கு மின்தூக்கிகள் உள்ளன. மேலடுக்கு ஒரு மாடியிலும் கீழடுக்கு அதற்கடுத்த மாடியிலும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. மாடிகளின் உயரம் விரலளவு பிசகினாலும் ஓரடுக்கு சரியாக நிற்க, மற்றதில் படி முளைத்துவிடும். உயரத்தைவிட இதுவே பெரிய சாதனை என்பது என் கருத்து.

விரலளவு வேறுபாட்டைப் பெரிதாகப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் வெண்கோல் ஊன்றி நடப்போரைப் பாருங்கள். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. கதவருகே எதிர்பாராது முளைத்த சிறுபடி அவர்களைக் கீழே தள்ளிவிடும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் மிகச் சிறியது. அதுவும் அங்கேயே சிக்கும். தோட்டத்து மண்தரையில் வாழ்ந்து, தோட்டம் துண்டாடப்பட்டபின் அடுக்குமாடிக்கு வந்த நம் முதியோரின் நிலையும் அதுவே. பொதுக் கட்டடங்களை அணுகும் உரிமையை 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கூறுகிறது.

மின்தூக்கிகளைப் பரிசோதித்துத் தகுதிச் சான்றிதழ் வழங்குவதற்கு 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டமும் 1970ஆம் ஆண்டின் மின்தூக்கி விதிகளும் அடிப்படையாக இருந்தன. அச்சட்டம் 2024 ஜூன் 1 அன்று நீக்கப்பட்டு, பொறுப்பு தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது.

எந்தச் சட்டம் வந்தாலும் ஒளியுணரிக்குப் பகை தூசிதான். தூசி படிந்தால் கதிர் மங்கும். தகடு இல்லாத இடத்திலும் இருப்பதாக இயந்திரம் கருதும். எங்கள் குடியிருப்பில் பழுதுபார்க்க வரும் தம்பி கருவிப் பையிலிருந்து முதலில் எடுப்பது ஒரு மெல்லிய துணியைத்தான்.