பொதுப் பணத்திலிருந்து பொதுப் பட்டியலுக்கு: நூலகக் கூட்டுறவு கடந்து வந்த வழி

விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் காலத்தில் அது நிறைவேறியது. அதற்குப் பின்னால் எஸ். ஆர். ரங்கநாதனும், 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கமும் இருபது ஆண்டுகள் உழைத்திருந்தார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்பட்டு, மாவட்டந்தோறும் அமையும் நூலக ஆணைக்குழுவின் கைக்கு வரவேண்டும் என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. புரவலர்களின் தயவில் நடந்துவந்த வாசகசாலைகளுக்குப் பதிலாக மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நூலகங்கள் தோன்றின. தமிழ்நாட்டில் இன்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நூலகங்களின் கூட்டுறவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கணினியிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். வரலாறு வேறு வரிசையைக் காட்டுகிறது. முதலில் பணம் பொதுவாயிற்று. அடுத்து நூல் கொள்முதல் பொதுவாயிற்று. நூலைப் பற்றிய குறிப்பு பொதுவாகும் படி மட்டும் நம்மிடம் பின்தங்கிவிட்டது. மின்னணுக் காலத்துக்கு நூலகங்களை ஆயத்தப்படுத்த அந்த மூன்றாவது படியே முதலில் கைகொடுக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் படியின் கதை 1901இல் தொடங்குகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தான் அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்க ஆரம்பித்தது அந்த ஆண்டில்தான். ஒரே நூலுக்கு நூறு ஊர்களில் நூறு நூலகர்கள் தனித்தனியே ஆசிரியர் பெயர், தலைப்பு, வகைப்பாட்டு எண் எழுதுவது வீண் உழைப்பு என்ற எளிய உண்மையே அதன் அடிப்படை. 1960களில் ஹென்றியட் அவ்ரம் என்ற நிரலாளர் அந்த அட்டையைக் கணினி படிக்கும் பதிவாக மாற்றும் ‘மார்க்’ வடிவத்தை வகுத்தார். 1967இல் ஒஹாயோ மாநிலத்தின் 54 கல்லூரிகள் கூடி ஒரு மையம் அமைத்தன. ஃபிரெடரிக் கில்கூரின் தலைமையில் 1971இல் அங்கே இணைவழிப் பட்டியலிடுதல் தொடங்கியது. ஒருவர் உள்ளிட்ட பதிவு அடுத்தவருக்கு ஆயத்தமாகக் கிடைத்தது. இன்று உலகின் மிகப் பெரிய கூட்டு நூற்பட்டியலைப் பேணும் ஓ.சி.எல்.சி. அந்த மையத்திலிருந்து வளர்ந்ததே.

இவை பெரும்பாலும் கல்லூரிகளின் கதை. பொது நூலகங்களுக்கு நெருக்கமான இரண்டு நிகழ்வுகள் 1999ஐ ஒட்டி நடந்தன. ‘2000ஆம் ஆண்டுச் சிக்கலால்’ பழைய கணினிகள் முடங்கிவிடும் என்ற அச்சம் அப்போது உலகெங்கும் பரவியிருந்தது. நியூசிலாந்தின் ஹொரொவெனுவா நூலக அறக்கட்டளை சிறு நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் சேவை செய்யும் எளிய அமைப்பு. அதன் பழைய மென்பொருள் 2000ஐத் தாங்காது. விற்பனைக்கு இருந்தவையும் அதற்கு ஒத்துவரவில்லை. அறக்கட்டளை உள்ளூர் நிறுவனம் ஒன்றின் துணையோடு புதிதாக ஒன்றை எழுதுவித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டது. அதுதான் ‘கோஹா’. இந்தியக் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் இன்று இயங்குவது, ஒரு நாட்டுப்புறப் பொது நூலகம் உலகுக்குக் கொடுத்த இந்தக் கொடையே.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ‘பைன்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சேர்ந்த நூலகங்கள் அனைத்துக்கும் ஒரே பட்டியல், ஒரே உறுப்பினர் அட்டை. சிற்றூர்வாசி ஒருவர் மாநிலத்தின் இன்னொரு மூலையிலுள்ள நூலை வீட்டிலிருந்தே கேட்கலாம். அது அவருடைய கிளைக்கு வந்து சேரும். உறுப்பு நூலகங்கள் பெருகியதும் விலைக்கு வாங்கிய மென்பொருள் திணறவே, அவர்களே ‘எவர்கிரீன்’ என்ற திறந்த மென்பொருளை உருவாக்கி 2006இல் அதற்கு மாறினார்கள். இந்த ஏற்பாட்டால் மிகுந்த பயன் அடைந்தவை தனியே நின்றால் ஒரு கணினி அமைப்பைக்கூட வாங்க முடியாத சிறு நூலகங்கள் என்பதே என் கணிப்பு.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை. இங்கே பொது நூலகங்களுக்கான நூல்களைப் பெரும்பாலும் பொது நூலக இயக்ககமே மொத்தமாக வாங்குகிறது. ஒரே தலைப்பு நூற்றுக்கணக்கான படிகளாகக் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் போகிறது. அப்படியென்றால் ஒரு நல்ல பதிவு அத்தனை நூலகங்களுக்கும் போதும். அந்தப் பதிவைச் செய்ய இடமும் இருக்கிறது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா, 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி நாட்டின் எல்லாப் பதிப்பாளரும் ஒரு படி அனுப்பவேண்டிய நான்கு நூலகங்களுள் ஒன்று. வந்து சேரும் ஒவ்வொரு தமிழ் நூலுக்கும் அங்கே எழுதும் பதிவு ஊர்ப்புற நூலகத்தின் கணினி வரை இறங்கினால், 1901இல் அட்டைகள் செய்த வேலையைச் செலவின்றிச் செய்யலாம்.

பதிவு பொதுவாக வேண்டுமானால் எழுத்தும் பெயரும் ஒன்றாக வேண்டும். 1990களில் தமிழ்க் கணினி பல குறியேற்றங்களாகப் பிரிந்து கிடந்தது. ஓரிடத்தில் தட்டியது இன்னோரிடத்தில் படிக்க முடியாத குப்பையாகத் தெரிந்தது. ஒருங்குறி பரவியபின் அந்தத் தடை நீங்கிவிட்டது. பெயர்ச் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று ஒருவரே மூவராகப் பட்டியலில் நிற்பார். புதுமைப்பித்தனையும் சொ. விருத்தாசலத்தையும் இணைக்கக் கணினிக்குத் தானாகத் தெரியாது. பெயர்களை முறைப்படுத்தும் பொதுக் கோப்பு ஒன்று இல்லாமல் எந்தத் தேடுபொறியும் தமிழ் வாசகருக்கு உதவாது. இதை எந்த ஒரு நூலகமும் தனியே செய்து முடிக்கவும் முடியாது.

மின்னாக்கத்திலும் இதே நிலைதான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய ஈழத்து ‘நூலகம்’ இணையத்தளம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் எனத் தமிழில் பெரும்பணி நடந்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதன் ஆபத்தைத் தமிழருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. எது ஏற்கெனவே மின்னாக்கம் ஆனது என்று காட்டும் பொதுப் பட்டியல் இருந்தால் ஒரே நூலை இரண்டு இடங்களில் வருடும் செலவு மிஞ்சும்; இன்னும் தொடப்படாத சிறுபத்திரிகைக்கு அந்தப் பணம் போகும்.

பட்டியலைத் தாண்டி நூலையே பகிர நினைத்தால், நம் ஊரில் உண்மையான தடை மாவட்ட எல்லை. நூலக வரி மாவட்ட ஆணைக்குழுவுக்கு உரியது. நூலும் அதன் இருப்புக் கணக்கில் ஏறியது. தஞ்சாவூரின் நூல் திருநெல்வேலி வாசகரிடம் தொலைந்தால் யார் கணக்கில் கழிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாத நூலகர் நூலை அலமாரியை விட்டு நகர விடமாட்டார். அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. பைன்ஸ் திட்டத்தில் கடன் காலம், தாமதக் கட்டணம், இழப்பு ஆகியவற்றுக்கு எல்லா நூலகங்களும் ஏற்ற ஒரே விதிமுறை இருக்கிறது. அதை வகுப்பதில் உறுப்பு நூலகங்களின் இயக்குநர்களே பங்கேற்கிறார்கள். இங்கேயும் அடுத்தடுத்த இரண்டு மாவட்ட ஆணைக்குழுக்கள் அப்படி ஒரு விதியில் கையெழுத்திட்டுத் தங்கள் மைய நூலகங்களின் இருப்பை ஒரே பட்டியலில் ஏற்றிப் பார்க்கலாம்; அதற்கு வேண்டிய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.